பழைய கைப்பையின் தோலும் உள்துணியும்: கேள்வி பதில்

மதுரையில் தோல்பைகளைச் சீர்செய்துவரும் ஒருவர், பழைய வெளிநாட்டுக் கைப்பைகளை வைத்திருப்போர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (அண்ணா நகர்): ஐயா, என் அத்தை 1990களில் வாங்கிவந்த லூயி விட்டோன் பை பல வருடங்கள் பீரோவிலேயே இருந்தது. வெளியே பெரிய பழுதில்லை. உள்பாக்கெட்டில் கைவிட்டால் பிசின்போல் ஒட்டுகிறது. பவுடர் போட்டும் பயனில்லை. தோலுக்குப் பாலிஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. வெளித்தோலைத் தொடுவதற்கு முன் உட்புறத்தை முடித்துவிட வேண்டும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். உங்கள் கையில் ஒட்டுவது அழுக்கன்று. அக்காலப் பைகள் பலவற்றில் உள்துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போது அது வருடக்கணக்கில் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உதிரும். சித்திரை வெயிலில் சூடேறி, ஐப்பசி மழையில் ஈரம் இழுக்கும் நம்மூர் இரும்பு பீரோ அதற்கு ஏற்ற இடம். சிதைந்த பூச்சை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பவுடர் சில வாரங்கள் மறைத்துவிட்டுப் பசையோடு கலந்து கெட்டியாகிவிடும்.

பாக்கெட்டை வெளியே இழுக்க முடிந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பூச்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடியிலுள்ள துணி நன்றாக இருந்தால் அதுவே போதும். இழுக்க முடியாவிட்டால் லைனிங்கைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதே வழி. ஆல்கஹால் வெளியே பட்டால் சாயம் போய்விடும்.

இன்னொன்று: உங்கள் பை எழுத்தும் பூவும் அச்சிட்ட வகையானால், அந்த அச்சிட்ட வெளிப்பகுதி தோலே அல்ல, பி.வி.சி. பூசிய பருத்தித் துணி. கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டுமே மாட்டுத்தோல். மேற்பூச்சு ஏதுமில்லாத அத்தோல் வெளிச்சமும் கையின் எண்ணெய்ப்பசையும் படப்படத் தேன்நிறமாகும். அதைக் கறையென்று எண்ணித் தேய்த்து வெளுக்க முயல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி (திருமங்கலம்): மழைக்காலம் முடிந்ததும் பையின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இம்முறையும் அப்படியே செய்யலாமா?

பதில்: வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் இரண்டு வகை: ஒன்று பூஞ்சை, மற்றொன்று தோலுக்குள்ளிருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைவது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில நொடிகள் காட்டிப் பாருங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே நின்றால் பூஞ்சை. கொழுப்பாக இருந்தால், வருடந்தோறும் நீங்கள் தடவிய எண்ணெய்க்கும் அதில் பங்கு இருக்கக்கூடும். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், தோலைத் திட்டுத்திட்டாகக் கறுக்க வைக்கும், தூசியை இழுக்கும். தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனரை விரல்நுனி அளவு எடுத்து மெல்லிதாகப் பூசினால் போதும்.

பூஞ்சை என்றால், பையை மாடிக்குக் கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் மற்ற பைகளிலும் போய் உட்காரும். பிறகு காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயில் தோலை விறைக்கவைத்துவிடும். பிளாஸ்டிக் உறையை நீக்கிப் பருத்தித் துணிப்பையில் போட்டு வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த நெடி தோலில் ஏறினால் எளிதில் இறங்காது.

கேள்வி (மேலூர்): பழைய கோச் பை ஒன்று கிடைத்தது; உள்ளே லைனிங்கே இல்லை. சுங்குடித் துணியில் லைனிங் தைத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். நியூயார்க்கில் 1941இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பழைய பைகள் பெரும்பாலும் லைனிங் இல்லாமலேயே செய்யப்பட்டவை. உள்ளே உதிரும் தோல் இழைகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும். வேறு பைக்குத் துணி தேடுபவர்கள், விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் நெருக்கமாக நெய்த, சாயம் போகாத பருத்தித் துணியாக வாங்கி, வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் கஞ்சியை நீக்கிவிடுங்கள். துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும், பூச்சிகளும் கஞ்சியைத் தேடி வரமாட்டா.

கேள்வி (திண்டுக்கல்): பாட்டியின் தோல்பையைத் தொட்டாலே செம்பொடியாகக் கையில் ஒட்டுகிறது. கண்டிஷனர் பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். உங்கள் ஊர்ப் பழைய பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டை பயன்பட்டதுபோல, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சி அமிலமாகி, இழை அறுந்து பொடியாவதுதான் இது. கண்டிஷனரின் ஈரம் பட்டால் கறுத்து விறைத்துவிடும். ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொடியை ஆல்கஹாலில் கரைத்துத் தடவினால் பொடி உதிர்வது நிற்கும். ஆனால் வலு திரும்பாது. கண்ணாடி அலமாரியில் வைக்கத் தகும், தோளில் மாட்டத் தகாது.

கேள்வி (எல்லீஸ் நகர்): புது லைனிங்கை எங்கள் தெருத் தையற்காரரிடமே மெஷினில் தைத்துக்கொள்ளலாமா?

பதில்: லைனிங்கை மட்டும் தனியே தைக்க அவரே போதும். பழையதைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டு, பிரித்த துண்டுகளையே அளவாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். பையின் வாயோடு இணைக்கும் வேலையை மட்டும் மெஷினில் விடாதீர்கள். தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. பழைய துளைகளுக்கிடையே புதுத் துளைகளும் விழுந்தால் அந்த வரிசையிலேயே தோல் கிழியும். இரண்டு மழுங்கிய ஊசிகளும் மெழுகிட்ட பாலியஸ்டர் நூலும் கொண்டு, பழைய துளைகள் வழியாகவே இருபுறமும் கையால் தைக்க வேண்டும். தயாரிப்புக் குறியீடு அச்சிட்ட சிறு தோல்துண்டு பழைய லைனிங்கில் இருந்தால், அதைப் பத்திரமாகப் பிரித்தெடுத்துப் புதியதில் அதே இடத்தில் தைத்துவிடுங்கள்; பின்னாளில் விற்க நேர்ந்தால், விவரம் அறிந்தவர் அதைக் கட்டாயம் தேடுவார்.