குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வாசிப்பை எப்படி அனுபவிக்கிறீர்கள்?

டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். டிசம்பரில் இங்கே 4.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வந்த புதிதில் அந்த இருட்டு என்னை ரொம்ப வாட்டியது. இப்போது அதற்காகவே காத்திருக்கிறேன். கோடை இங்கே கொஞ்ச நாள்தான், வெயிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார மனசு வராது. தடித்த புத்தகம் எல்லாம் பனிக்காலத்துக்கென்றே ஒதுக்கி வைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோகும். உதடு மட்டுமல்ல, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகங்களின் முதுகுப் பசையும் காய்ந்து, விரித்தால் தாள் தாளாகக் கழன்று வரும். அறையில் ஈரப்பதமூட்டி வைத்த பிறகுதான் எனக்கும் புத்தகங்களுக்கும் நிம்மதி. அப்புறம், போர்வைக்குள் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள், பத்தாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். நிமிர்ந்து உட்கார நல்ல நாற்காலி, காலுக்கு மட்டும் கம்பளி. எனக்கு அதுதான் சரிப்படுகிறது.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. டொராண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள். எங்கள் பகுதிக் கிளைகளில் தமிழுக்கென்று தனி அலமாரியே உண்டு. தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள்.

நான் மறக்காத குளிர்காலம் 2023-24. அக்டோபர் கடைசியில் நூலகத்தின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்தது. மாதக்கணக்கில் இணையதளம் இல்லை, முன்பதிவு இல்லை. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவு செய்ய முடியாமல் லட்சக்கணக்கில் டிரெய்லர்களில் அடுக்கி வைத்தார்கள். ஆனால் கிளைகளை மூடவில்லை. அலமாரியில் இருப்பதை எடுத்துப் போகலாம். அந்தப் பணியாளர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

அப்படி, வேறு வழியில்லாமல் கைக்கு அகப்பட்டதுதான் கரிசல் மண்ணின் கதைகள் அடங்கிய ஒரு தொகுப்பு. மைனஸ் 12 டிகிரியில் பையில் போட்டு நடந்து வந்தேன். வீட்டுக்குள் எடுத்ததும் அட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. துடைத்து, அரை மணி நேரம் மேஜையில் வைத்தேன். அப்போதும் உள்தாள் ஐஸ் போலச் சில்லென்று இருந்தது.

அம்மா அந்த வருடம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். இங்கே அவருக்குப் பொழுது போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாக வாசிப்பேன், அவர் கேட்பார். ஒரு கதையில் கமலை இறைக்கும் இடம் வந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மகள், "கமலைன்னா என்ன அப்பத்தா?" என்றாள்.

அம்மா எழுந்து, தன் குளிரங்கியின் இடுப்புக் கயிற்றை உருவினார். ஒரு முனையை நாற்காலி முதுகின் மேல் போட்டுக் கீழே தொங்கவிட்டு, அதில் ஒரு டம்ளரைக் கட்டினார். நாற்காலி கிணறு, டம்ளர் சால். மறுமுனையை மகளின் தோளில் போட்டு, "நீதான் மாடு, முன்னால போ" என்றார். டம்ளர் மேலே வந்தது. "இப்பத் திரும்பாம பின்னாலயே வா. மாடு அப்படித்தான் வரும்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதரை மணி வரைக்கும் எங்கள் கூடத்தில் தண்ணீர் இறைத்தார்கள்.