இறுதிப் போட்டிக்குத் தனி விமானம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் குடும்பத்தினரும் நண்பர்களுமாக ஏழு பேர். அடுத்து அகமதாபாத்தில் பெரிய கிரிக்கெட் இறுதிப் போட்டி எது நடந்தாலும், கோவையிலிருந்து வாடகைக்குத் தனி விமானம் அமர்த்திச் சென்று, ஆட்டம் முடிந்த அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?
– திருப்பூர் வாசகர்

பதில்: பெரும்பாலோர் முதலில் விமானத்தைத் தேடுவார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த விமானம் நிற்பதற்கான இடத்தை. அகமதாபாத் விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓடுபாதையில் எந்தத் தனி விமானமும் தாராளமாக இறங்கலாம். சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. வழக்கமான பயணிகள் விமானங்களுக்கு ஒதுக்கியது போக, தனி விமானங்கள் நிற்பதற்கு எஞ்சும் இடம் மிகக் குறைவு. 2023 நவம்பர் 19 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தனி விமானங்கள் வந்து குவிந்தபோது, ஆட்களை இறக்கிவிட்ட பல விமானங்கள் அங்கு நிற்க முடியாமல் பக்கத்து நகரங்களுக்குப் போய்க் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே விமான நிறுவனத்திடம் பேசும்போது, 'விமானம் இருக்கிறதா' என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இறங்குவதற்கும் புறப்படுவதற்கும் நேர ஒதுக்கீடு கேட்டிருக்கிறார்களா, இரவு முழுவதும் நிற்க அனுமதி உண்டா, அல்லது இறக்கிவிட்டு உடனே கிளம்ப வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று தொலைபேசியில் சொல்வதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். இறக்கிவிட்டுச் செல்லத்தான் அனுமதி என்றால், உங்கள் விமானம் வதோதராவிலோ சூரத்திலோ காத்திருந்து, இரவில் உங்களை ஏற்றிச் செல்ல மீண்டும் அகமதாபாத்துக்குப் பறந்து வர வேண்டும். அந்த வருகைக்கும் தனியாக நேர ஒதுக்கீடு வேண்டும், செலவும் கூடும்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நீங்களே வதோதராவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து அகமதாபாத்துக்கு விரைவுச் சாலை இருக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம்தான். போட்டி நாள் நெரிசலையும் கணக்கில் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் போதும். தனி விமானத்தில் வந்துவிட்டுக் காரில் போவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அகமதாபாத்தின் மேலே வரிசையில் வட்டமடித்துக்கொண்டிருப்பதையும், திரும்பும்போது ஓடுபாதைக்காக விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருப்பதையும் எண்ணிப் பார்த்தால், ஏழு பேர் கொண்ட குழுவுக்கு நான் வதோதராவையே சொல்வேன். கிளம்பும் முன், இரவில் அந்த நிலையம் எத்தனை மணி வரை இயங்கும், தேவைப்பட்டால் கட்டணம் செலுத்தி நேரத்தை நீட்டிக்க முடியுமா என்பதையும் நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கோவையைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொன்று, பெரிய போட்டி நாட்களில் வான்வெளியே சில நேரம் மூடப்படும். 2023 இறுதிப் போட்டியின்போது விமானப் படையின் சூர்ய கிரண் குழு மைதானத்தின் மேலே சாகசம் நிகழ்த்தியதால், ஆட்டம் தொடங்கும் வேளையை ஒட்டி முக்கால் மணி நேரம் போல வான்வெளியை மூடினார்கள். அன்று மாலை பிரதமரும் போட்டியைக் காண வந்திருந்தார். அத்தகைய வருகைகளின்போது மற்ற விமானங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகையால், பிற்பகல் இரண்டு மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கு வந்து இறங்கும் திட்டம் வேண்டாம். காலை பத்து, பதினொரு மணிக்குள் தரையில் கால் வைத்துவிடுங்கள். விமான நிலையத்துக்கும் மோட்டேராவில் உள்ள நரேந்திர மோடி மைதானத்துக்கும் இடையே 10 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். என்றாலும் 1,32,000 பேர் அமரக்கூடிய மைதானத்தை நோக்கி ஊரே நகரும் நாளில் அந்தத் தூரத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மைதானத்தின் அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. விமானத்தில் செலவழித்த பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு மெட்ரோவில் ஏறிவிடுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: கோவையிலிருந்து அகமதாபாத்துக்கு இரண்டு மணி நேரம், திரும்பிவர இரண்டு மணி நேரம், ஆக நான்கு மணி நேரப் பயணம். ஆனால் ஒரு நிறுவனம் ஏழு மணி நேரத்துக்குக் கட்டணம் கேட்கிறது. இது நியாயமா?
– ஈரோடு வாசகர்

பதில்: நியாயமாகவே இருக்கலாம். விமானம் எந்த ஊரில் நிலைகொண்டிருக்கிறது என்று கேட்டீர்களா? நம் நாட்டில் வாடகைக்குக் கிடைக்கும் தனி விமானங்களில் பெரும்பாலானவை மும்பையிலும் டெல்லியிலும்தான் இருக்கின்றன. மும்பை விமானத்தை நீங்கள் அமர்த்தினால், அது காலியாகக் கோவைக்கு வர ஒன்றரை மணி நேரம், உங்களைத் திரும்ப இறக்கிவிட்டுக் காலியாக மும்பை செல்ல ஒன்றரை மணி நேரம். உங்கள் நான்கு மணி நேரத்தோடு இவற்றைச் சேர்த்தால் ஏழு வந்துவிடுகிறது. ஆள் இல்லாமல் பறக்கும் நேரத்துக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்பதுதான் இத்தொழிலின் வழக்கம். பெங்களூரிலோ ஐதராபாத்திலோ விமானம் கிடைத்தால் இந்தக் காலிப் பயணம் குறையும். இதற்கு மேல் தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், தரையில் விமானத்தையும் பயணிகளையும் கவனித்துக்கொள்ளும் நிறுவனத்துக்கான தரைப்பணிக் கட்டணம், விமானிகள் தங்கும் செலவு, ஜி.எஸ்.டி. எல்லாம் உண்டு. மொத்தத் தொகையைச் சொல்லும்போது இவை உள்ளடங்கியவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

விமான வகையும் கணக்கை மாற்றும். கிங் ஏர் பி200 போன்ற சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். கோவைக்கும் அகமதாபாத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் என்பதால், அதில் மூன்று மணி நேரம் ஆகும்; மணிக்கணக்குக் கட்டணமோ ஜெட்டைவிடக் கணிசமாகக் குறைவு. ஹாக்கர் 800 வகை ஜெட்டில் எட்டுப் பேர் வசதியாக அமரலாம். கிங் ஏரில் ஏழு பேர் அமர முடியும் என்றாலும், முழங்காலை இடித்துக்கொண்டுதான் அமர வேண்டியிருக்கும். குழுவில் வயதானவர்கள் இருந்தால் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். சிறிய விமானங்களில் அது ஒரு திரைக்குப் பின்னால் இருக்கும் இருக்கையாகவும் இருக்கலாம்.

கேள்வி: மழை வந்து ஆட்டம் மறுநாளுக்குப் போனால் விமானம் காத்திருக்குமா? கட்டிய பணம் என்ன ஆகும்?
– சென்னை வாசகர்

பதில்: இதைச் சென்னைக்காரர் கேட்பதில் வியப்பில்லை. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி மே 28, ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் நடந்திருக்க வேண்டும். மழை விடாமல் பெய்ததால் டாஸ் கூடப் போடாமல் மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாளும் சென்னை அணி ஆடத் தொடங்கியவுடனே மழை குறுக்கிட்டு, இலக்கு 15 ஓவரில் 171 என்று மாற்றப்பட்டு, ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தபோது, நாட்காட்டியில் தேதி மே 30 ஆகிவிட்டது. நேரம் நள்ளிரவு ஒரு மணியைத் தாண்டியிருந்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஞாயிறு இரவே திரும்பும் திட்டத்தோடு தனி விமானத்தில் வந்திருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பயணத்தில் கெடக்கூடிய அத்தனையும் அந்த மூன்று தேதிகளில் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, விமானிகளின் பணி நேரம். அவர்கள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியில் இருக்கலாம், இடையில் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. காலையில் மும்பையில் பணிக்கு வந்து, கோவை சென்று, உங்களை அகமதாபாத்தில் இறக்கிய அதே விமானிகள் மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்கு உங்களைத் திருப்பி அழைத்துச் செல்வது, இடையில் முறையான ஓய்வு இல்லாமல் முடியாது. நீங்கள் எவ்வளவு பணம் கூடுதலாகத் தந்தாலும் முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் ஏறாதீர்கள். அவர்களுக்கு அறை எடுத்து ஓய்வு கொடுக்க வேண்டும், அல்லது திரும்பும் பயணத்துக்கு வேறு விமானிகளை வரவழைக்க வேண்டும். போட்டி நாளில் அகமதாபாத்தில் விடுதி அறை கிடைப்பது உங்களுக்கே கடினம் என்பதால், விமானிகளின் அறையை நிறுவனம் எப்போது பதிவு செய்தது என்றும் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, ஒதுக்கீட்டு நேரம். ஆட்டம் நீண்டாலும் நீங்கள் வாங்கிய புறப்பாட்டு நேரம் நீளாது. தவறவிட்டால் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். எனவே ஆட்டம் முடியும் என்று எதிர்பார்க்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாவது தள்ளி ஒதுக்கீடு கேட்பதே பாதுகாப்பு. மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது. அன்றிரவே திரும்ப வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால், இந்தத் திட்டத்தின் பாதிச் சிக்கல்கள் மறைந்துவிடும்.

மூன்றாவது, ஒப்பந்தம். மாற்று நாள் அறிவிக்கப்பட்ட போட்டி என்றால், அந்த நாளுக்கும் விமானத்தைப் பிடித்துவைக்க எவ்வளவு கட்டணம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்த விமானம் வேறொருவருக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் உங்களுக்காக நிற்காது. போட்டியின் ஊரே மாறுவதும் உண்டு. 2025 ஐ.பி.எல். இறுதிப் போட்டி மே 25 அன்று கொல்கத்தாவில் நடப்பதாக இருந்தது. எல்லைப் பதற்றத்தால் போட்டித் தொடர் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியபோது, இறுதிப் போட்டி ஜூன் 3 அன்று அகமதாபாத்துக்குப் போய்விட்டது. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கும், தேதியையும் ஊரையும் மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டா என்ற இரண்டு வரிகள் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: தொழிலதிபரான என் நண்பர் சொந்தமாக விமானம் வைத்திருக்கிறார். அவரோடு ஆறு பேர் போய்விட்டு, செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். இதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: நண்பர் தம் விருந்தினராக உங்களை அழைத்துச் செல்வதில் ஒரு தடையும் இல்லை. பணம் கைமாறும்போதுதான் சிக்கல். தனியார் பயன்பாட்டுக்கெனப் பதிவு செய்யப்பட்ட விமானத்தை வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டக் கூடாது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், அட்டவணையில்லா விமானச் சேவைக்கான (கால அட்டவணைப்படி ஓடாமல், கேட்பவருக்கு வாடகைக்குப் பறக்கும் சேவை) அனுமதியை இயக்குநரகத்திடம் பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் பகிர்வை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பதைவிட, விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் எப்படிப் பார்க்கும் என்பதே எனக்குக் கவலை தருகிறது. நண்பருக்கு நன்றி சொல்ல விரும்பினால் மைதானத்து நுழைவுச்சீட்டுகளை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். எரிபொருள் கணக்கைத் தொடாதீர்கள். தரகர் மூலம் வாடகை விமானம் எடுப்பவர்களும் விமானத்தின் பதிவெண்ணைக் கேட்டு, அது அனுமதி பெற்ற நிறுவனத்தின் விமானம்தானா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரே விமானத்தை மூன்று தரகர்கள் மூன்று விலைக்குச் சொல்வதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: தனி விமானம்தானே, நாங்கள் கொண்டுபோகும் மதுப் புட்டிகளை யார் பார்க்கப் போகிறார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பார்ப்பார்கள். தனி விமானப் பயணிகளுக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. குஜராத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. எந்த விமானத்தில் வந்து இறங்கினாலும் அந்தச் சட்டம் ஒன்றுதான். வெளி மாநிலத்தவர் தற்காலிக அனுமதிச் சீட்டுப் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குவதற்கு வழி இருக்கிறது. புட்டிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பெரிய விளையாட்டு இறுதிப் போட்டிகளுக்குத் தனி விமானத்தில் செல்வோருக்கும் இப்படித்தான் இடப் பஞ்சமா? அங்கு வசிக்கும் என் மகன் நண்பர்களோடு செல்ல எண்ணுகிறான்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அங்கு விமான நிலையங்கள் ஏராளம், தனி விமானங்களோ அதைவிட ஏராளம். 2024 பிப்ரவரி 11 அன்று லாஸ் வேகாசில் நடந்த சூப்பர் பவுல் போட்டிக்கு (அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டி), நகரைச் சுற்றி உள்ள நான்கு நிலையங்களிலும் தனி விமானங்களுக்கான நிறுத்துமிடங்கள் போட்டிக்கு முன்பே தீர்ந்துவிட்டன. அங்கு முறை மட்டும் இன்னும் தெளிவானது. பெரிய போட்டி வாரங்களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் முன்பதிவு முறையை அறிவித்து, இறங்கும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் ஒதுக்குகிறது. நிறுத்துமிடத்தைத் தரும் தரைப்பணி நிறுவனத்திடம் தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் சிறப்பு நிகழ்ச்சிக் கட்டணம் ஒன்றையும் வசூலிப்பார்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் பயனில்லை என்பதால், இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ள வேண்டும். சூப்பர் பவுல் நடக்கும் மைதானத்தைச் சுற்றி 30 கடல் மைல் தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டருக்கு, வான்வெளிக் கட்டுப்பாடு விதிப்பது வழக்கம். அதனுள் 10 கடல் மைல் வட்டம் மிகக் கடுமையானது. ஆட்ட நேரத்தில் சாதாரணத் தனி விமானம் அதற்குள் நுழைய முடியாது. எனவே ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே இறங்கிவிடும்படி மகனிடம் சொல்லுங்கள்.

நியூயார்க் பக்கம் போட்டி என்றால், நியூ ஜெர்சியில் உள்ள மெட்லைஃப் மைதானத்துக்கு மிக அருகில் இருப்பது டீட்டர்பரோ விமான நிலையம். அங்கு 1,00,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கக் கூடாது. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை பறப்பதைத் தவிர்க்கும்படி விமானிகளைக் கேட்டுக்கொள்ளும் நடைமுறையும் உண்டு. எட்டுப் பேர் பயணம் செய்யும் நடுத்தர ஜெட்டுக்கு எடை வரம்பு பிரச்சினையே அல்ல. பயணிகள் விமானத்தை மாற்றியமைத்த பெரிய தனி விமானத்தில் கூட்டமாகப் போக எண்ணுகிறார்கள் என்றால், அவர்கள் அருகிலுள்ள பெரிய விமான நிலையமான நியூவர்க்கில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கும்.