விண்ணப்பக் கட்டுரையை இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் காட்டித் திருத்தம் கேட்கலாமா?

பிரித்தானியாவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகும் நீங்கள், பர்சனல் ஸ்டேட்மென்டை, அதாவது ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையை, எழுதி முடித்துவிட்டதாகவும், வீட்டில் அதை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் இல்லாததால் இணையத்தில் அறிமுகமான சிலருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னால் காரணம் உங்களுக்கே விளங்கும்.

லண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் செய்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அம்மம்மாவுக்கு நீரிழிவு. காலையில் அவருடைய விரலில் ஊசி குத்தி, கருவி காட்டும் சர்க்கரை அளவைக் கோயில் கலண்டரில் அந்த நாளின் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைப்பது பத்து வயதிலிருந்தே இவளுடைய பொறுப்பு. ஒரு கிழமை எண்கள் ஏறிக்கொண்டே போனபோது, கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அந்தப் பந்தியில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே, ஓகஸ்ட் மாதத்தில், விண்ணப்பதாரர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் தன்னை மருத்துவ மாணவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவருக்கு அவள் முழுக் கட்டுரையையும் அனுப்பியிருந்தாள். "மிகவும் நன்றாக இருக்கிறது, ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்று மட்டும் பதில் வந்ததாம். ஒக்டோபரில் விண்ணப்பத்தை அனுப்பிய பின், அவளுடைய கட்டுரை வேறொருவருடையதை ஒத்திருக்கிறது என்று அறிவிக்கும் மின்னஞ்சல் வந்தது. "ஆன்ரி, இது என்னுடைய அம்மம்மா" என்று தொலைபேசியில் அழுதாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெற்று அவற்றுக்கு அனுப்பும் பொது அமைப்பான யூகாஸ் (UCAS), தனக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும், முன்பு வந்து சேர்ந்த கட்டுரைகளின் பெரும் தொகுப்போடு மென்பொருள் மூலம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பார்த்த பின் அதையும் அந்தத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. ஒற்றுமை நூற்றுக்கு 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்குள்ள பணியாளர்கள் அதை எடுத்துப் படிக்கிறார்கள். அவர்களும் அதை உறுதிசெய்தால் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கும் மாணவருக்கும் தகவல் போகிறது. அதற்குப் பின் என்ன செய்வது என்பது பல்கலைக்கழகங்களின் முடிவு. எந்தக் கட்டுரை முதலில் வந்து சேர்ந்தது என்பது மட்டுமே மென்பொருளுக்குத் தெரியும். எது முதலில் எழுதப்பட்டது என்பதை அறிய அதற்கு வழியில்லை. ஆகவே உங்களுடையதை எடுத்தவர் உங்களுக்கு ஒரு நாள் முந்தி அனுப்பிவிட்டால், களவு கொடுத்த நீங்களே களவெடுத்தவராக நிற்பீர்கள்.

ஒரு கட்டுரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யூகாஸ் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. சுமார் 50,000 கட்டுரைகளைச் சோதித்தபோது, எட்டு வயதில் வேதியியல் பெட்டியோடு விளையாடிப் பிஜாமாவில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட அதே கதை 234 கட்டுரைகளில் இருந்தது. அது ஓர் இணையதளத்தில் மாதிரியாகக் கிடந்த கட்டுரையிலிருந்து வந்தது. உண்மையிலேயே தன் பிஜாமாவை எரித்துக்கொண்ட ஒரு பிள்ளை அந்த வருடம் விண்ணப்பித்திருந்தால் அதை யார் நம்பியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

களவு ஒரு பக்கம் இருக்க, இந்தக் கட்டுரைகளில் பிள்ளைகள் தங்கள் வீட்டையே திறந்து வைக்கிறார்கள். தாயின் மனநோய், தகப்பனின் கடன், குடும்பத்தின் அகதி வழக்கு, தான் தொண்டு செய்யும் முதியோர் இல்லத்தின் பெயர், அங்கே பார்த்த நோயாளியின் நிலை என எல்லாம் அதில் இருக்கும். பதினேழு வயதில் முகம் தெரியாதவருக்கு இவற்றை அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது. நீங்கள் அழித்தாலும் அவருடைய கைப்பேசியில் படமாக இருக்கும். அதிலும் அந்த நோயாளியின் கதையை வெளியே கொடுக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

கருத்துக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவரிடமோ, விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதும் ஆசிரியரிடமோ தயங்காமல் கொடுங்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியும், எழுத்தில் நீங்கள் இல்லாத இடத்தை உடனே காட்டுவார்கள். இணையத்தில்தான் கேட்க வேண்டும் என்றால் கட்டுரையைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுங்கள்: "அம்மம்மாவின் நோயைப் பற்றித் தொடங்கலாமா, மருத்துவமனை அனுபவத்தில் தொடங்கலாமா?" என்று கேட்டாலே பயனுள்ள பதில் கிடைக்கும். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகளுக்குள் விடை எழுத வேண்டியிருப்பதால், எதை எந்த விடையில் வைப்பது என்று இப்படிப் பொதுவாகக் கேட்பது எளிது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய வடிவங்கள் தேதியோடு அதில் இருக்கும். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள், புதிய கோப்புக்கு மாற்றவும் வேண்டாம். இன்றைய வடிவத்தை உங்கள் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது இதுதான்: யூலையிலிருந்து அவள் எழுதி அழித்து எழுதிய வரிகளின் பதிவையும் ஆசிரியரின் கடிதத்தையும் தான் விண்ணப்பித்த நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பினாள். இரண்டு கல்லூரிகள் அவளை நேர்முகத்துக்கு அழைத்தன, ஒன்றில் இடம் கிடைத்தது. மருத்துவத்துக்கான கடைசி நாள் ஒக்டோபர் 15. முடிந்தால் செப்டெம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.