நேர்காணலுக்கு நேரம் குறித்துவிட்டு நிறுவனத்தார் வராமல் போனால் என்ன செய்வது?

முதல் அரை மணி நேரத்தில் உங்களுக்கு வேலை ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதை எழுத்தில் பதிய வைப்பது. காரணத்தை ஊகிப்பது, அந்த நிறுவனம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் பிறகு.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆளெடுப்புக்கு மென்பொருள் வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு நேர்காணலும் நடந்ததா இல்லையா என்று குறிக்கப்படும். நேர்காணல் எடுக்க வேண்டியவர் பழைய லிங்க்கில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, 'விண்ணப்பதாரர் வரவில்லை' என்று குறித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் கணக்கில் வராதவர் நீங்கள். உண்மை வேறு என்று எச்ஆருக்கு (மனிதவளப் பிரிவுக்கு) தெரியவேண்டுமென்றால் உங்கள் மெயில் அந்த நேரத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மறுநாள் அனுப்பினால் சமாளிப்பு போலத் தோன்றும்.

வீடியோ நேர்காணல் என்றால் 5 நிமிடம் முன்பே இணைந்துவிடுங்கள். குறித்த நேரம் தாண்டியும் யாரும் வரவில்லையா? அடுத்த சில நிமிடங்களில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, நேரம். வேறு நாட்டு அலுவலகம் என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். மார்ச் மாதமும், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையிலான நாட்களும் குழப்பத்துக்குப் பேர்போனவை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பப் பின்னே வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் பிசகும். மெயிலில் எழுதியிருக்கும் நேரமும் காலண்டர் அழைப்பில் இருக்கும் நேரமும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, லிங்க். எச்ஆர் மெயிலில் ஒரு லிங்க், காலண்டர் அழைப்பில் இன்னொரு லிங்க் என்று வருவது சாதாரணம். நேர்காணல் எடுப்பவர் பெரும்பாலும் தன் காலண்டரில் இருப்பதைத்தான் திறப்பார். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். நேரம் மாற்றிய அறிவிப்பு அங்கே கிடக்கலாம்.

மூன்றாவது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது. ஜூம் போன்ற செயலிகளில், ஹோஸ்ட் (கூட்டத்தை நடத்துபவர்) தொடங்குவதற்காகக் காத்திருப்பதாக வந்தால் அந்தப் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. ஹோஸ்ட் வந்துவிட்டார், நீங்கள் இருப்பதைத் தெரிவித்துவிட்டோம் என்று வந்தால் அவர் உள்ளே இருக்கிறார், உங்களை இன்னும் சேர்க்கவில்லை. முந்தைய நேர்காணல் இழுத்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் நடப்பதுண்டு: உங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் கைபேசியின் மாடல் பெயரோ வீட்டில் வேறு யாருடைய பெயரோ வந்தால், யாரோ என்று நினைத்துச் சேர்க்காமல் விட்டுவிடுவார். விண்ணப்பத்தில் இருக்கும் பெயரையே அங்கேயும் வையுங்கள்.

10 நிமிடம் ஆனதும் மெயில் அனுப்புங்கள். புதிதாகத் தொடங்காமல், நேர்காணலை உறுதிசெய்த அதே மெயிலுக்கு, அதில் உள்ள எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதுங்கள். உதாரணமாக:

"வணக்கம். இன்று காலை 11 மணிக்கு வைத்திருந்த கணக்கு அலுவலர் பதவிக்கான நேர்காணலுக்காக 10.55 முதல் இணைப்பில் இருக்கிறேன். காலண்டர் அழைப்பில் வந்த லிங்க்கைப் பயன்படுத்துகிறேன். லிங்க்கோ நேரமோ மாறியிருந்தால் தெரிவியுங்கள். 11.30 வரை காத்திருக்கிறேன். என் கைபேசி எண் கீழே உள்ளது."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. 10.55 என்பது உங்கள் வருகைப் பதிவு. எந்த லிங்க் என்று சொன்னால் தவறு எங்கே என்று அவர்கள் உடனே கண்டுபிடிக்கலாம். 11.30 என்ற வரம்பு, அதற்குள் ஓடிவர அவர்களுக்கு ஒரு வாய்ப்பு. அதன் பிறகு நீங்கள் எழுந்துபோனால் யாரும் குறை சொல்ல முடியாது. "என் தவறாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பணிவு என்று நினைத்து எழுதுவீர்கள். பின்னாளில் படிப்பவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார். கடுமையான வார்த்தையும் வேண்டாம். அந்த மெயிலைப் படிப்பவர் பெரும்பாலும் நேரம் குறித்துக் கொடுக்கும் ஊழியர். நேர்காணலுக்கு வராதவர் வேறொருவர்.

காத்திருப்புத் திரையை நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இப்போதே இணைத்து அனுப்ப வேண்டாம், நிரூபிக்க வந்த மாதிரி இருக்கும். யாராவது 'நீங்கள் வரவில்லையே' என்று கேட்டால் அப்போது அனுப்பலாம்.

15ஆவது நிமிடத்தில், எண் இருந்தால் ஒருமுறை கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். அரை மணி நேர நேர்காணல் என்றால் 20 நிமிடம், ஒரு மணி நேரம் என்றால் 30 நிமிடம் காத்திருப்பது போதும். மெயிலில் சொல்லும் வரம்பையும் அதற்கேற்ப வையுங்கள்.

தொலைபேசி நேர்காணலில் பாதிச் சிக்கல் கைபேசியிலேயே இருக்கிறது. தெரியாத எண்களை ஒலிக்காமல் தடுக்கும் வசதி, ஸ்பாம் அழைப்பு வடிகட்டி, தொந்தரவு செய்யாதே நிலை மூன்றையும் அன்று அணைத்து வையுங்கள். யார் யாரைக் கூப்பிடுவது என்பதை முந்தைய நாளே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு பேரும் அழைப்புக்குக் காத்திருந்து நேரம் போவது நிறையவே நடக்கிறது.

நேரில் போனால் வரவேற்பில் உங்கள் பெயர், யாரைப் பார்க்க வந்தீர்கள், வந்த நேரம் மூன்றையும் வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். 15 நிமிடம் ஆனதும், அவருக்கு உள்ளே அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் எச்ஆரில் வேறு யாரையாவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நேர்காணலின் முதல் பகுதியை அவரே நடத்திவிட வாய்ப்புண்டு. அரை மணி கழித்தும் வழியில்லை என்றால், கட்டடத்தை விட்டு இறங்குவதற்கு முன் மெயில் போய்விடட்டும். அடுத்த முறை முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

இனி அவர்கள் முறை. ஒரு முழு வேலைநாள் விடுங்கள். அதற்குள் அவர்களாகவே மன்னிப்புக் கேட்டு, என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்லி, புது நேரமும் கொடுத்தால் தயங்காமல் போங்கள். அவசர வேலை, உடல்நலக் குறைவு, எச்ஆர் அனுப்பிய அழைப்பை நேர்காணல் எடுப்பவர் ஏற்காமலேயே விட்டது என்று நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. வராமல் போனதை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது. அடுத்த வேலைநாளில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் சரியான அளவு.

பதில் வரவில்லையென்றால் இரண்டாவது மெயில். அதில் இரண்டு விஷயம் போதும்: இந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கிறீர்களா, எடுப்பதாக இருந்தால் இந்த மூன்று நேரங்களில் எது வசதி. முதல் கேள்வியைத் தவறவிடாதீர்கள். ஆளெடுப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள், உள்ளிருந்தே ஒருவரைப் போட்டுவிட்டார்கள், உங்களோடு பேசிய எச்ஆர் வேலையை விட்டே போய்விட்டார் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும். நேரங்களை நீங்களே கொடுத்தால், அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. 'எப்போது வசதி' என்று கேட்டால் அந்த மெயில் அப்படியே கிடக்கும். இப்போது வேலையில் இருந்து, விடுப்புப் போட்டு வந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: "அன்று விடுப்பு எடுத்திருந்தேன், அடுத்ததை அலுவலக நேரத்துக்குப் பிறகு வைத்தால் உதவியாக இருக்கும்." மூன்று வேலைநாள் கழித்தும் சத்தமில்லை என்றால் கணக்கை முடித்துவிடலாம். மற்ற விண்ணப்பங்களை இதற்காக ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காதீர்கள்.

மறுபடி நடக்கும் நேர்காணலில் நடந்ததை நீங்களாக எடுக்க வேண்டாம். அவர் வருத்தம் தெரிவித்தால் "பரவாயில்லை, இன்று பேச முடிந்ததே" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போங்கள். முடியும்போது மட்டும், அடுத்த கட்டம் என்ன, எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்று கேட்டுத் தேதியை வாங்குங்கள்.

இரண்டாவது முறையும் வரவில்லையா? இங்கே யார் வரவில்லை என்று பாருங்கள். நேரம் குறிப்பவர் குழப்பியிருந்தால் இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். அதற்குமுன் நேர்காணல் எடுப்பவரே காலண்டர் அழைப்பை ஏற்றிருக்கிறாரா என்று உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரே இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் விட்டால் நான் விலகத்தான் சொல்வேன். அவருக்குக் கீழே வேலை பார்க்கும்போது உங்கள் விடுப்புக்கும் சம்பள உயர்வுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கையில் வேறு வேலை இல்லாதவர்கள் தொடர்ந்து முயலலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரத்தையும் பயணச் செலவையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் முதல் அழைப்பு கன்சல்டன்சிக்கு. நிறுவனம் உறுதிசெய்யாமலேயே அவர்கள் நேரம் கொடுத்துவிடுவது உண்டு. நிறுவனத்தின் மெயில் முகவரியிலிருந்து அழைப்பு வந்ததா என்று கேளுங்கள்; வந்திருந்தால் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நேர்காணலைத் தவறவிட்டுவிட்டு, மறுபடி நேரம் ஒதுக்கப் பதிவுக் கட்டணம், முன்பணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், அடையாள ஆவணங்களையும் அனுப்ப வேண்டாம்.

நிறுவனங்களைப் பற்றி மதிப்புரை எழுதும் தளங்களில் இதைப் பதியலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பதியலாம், ஆனால் அவர்களோடு பேச்சு முழுவதும் முடிந்த பிறகு. குறித்த தேதி, காத்திருந்த நேரம், எத்தனை மெயில் அனுப்பினீர்கள், பதில் வந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். ஊழியர் யாருடைய பெயரும் வேண்டாம்.