காரத் தண்ணீரும் கோபன்ஹேகன் மாணவர்களும்

அன்புள்ள ஐயா,
எங்கள் வீட்டில் காரத் தண்ணீர் (ஆல்கலைன் வாட்டர்) இயந்திரம் வாங்கியிருக்கிறோம். ரத்தம் அமிலமாவதே எல்லா நோய்க்கும் காரணம் என்றார் விற்க வந்தவர். குடிக்க ஆரம்பித்ததிலிருந்து சோதனைத் தாளில் சிறுநீர் காரம் காட்டுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலினை மெல்லக் குறைத்துவிடலாம் என்றும் அந்த விற்பனையாளர் சொல்கிறார். எலுமிச்சை, வாழைத்தண்டு பற்றியும் எழுதுங்கள்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா மீது நீங்கள் கொண்ட அக்கறை வரிக்கு வரி தெரிகிறது. கோபம் வருவதும் அதனால்தான். எலுமிச்சை பிடித்தால் பிழிந்துகொள்ளுங்கள். வாழைத்தண்டோடு எனக்கு வழக்கு ஏதுமில்லை.

அந்தச் சோதனைத் தாளைத் தூக்கிப் போடுங்கள். ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு (குறைந்தால் அமிலம், கூடினால் காரம்), 7.35க்கும் 7.45க்கும் இடையில் நின்றாக வேண்டும். அதை அங்கே நிறுத்துவதற்காகவே சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே கொட்டுகிறது. சிறுநீர் 4.5 வரை இறங்கும், 8 வரை ஏறும். குப்பைத் தொட்டியில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வீடே வெங்காயமாகிவிட்டது என்று மகிழ்வீர்களா?

உங்கள் கடிதத்தில் நுரையீரல் என்ற பேச்சே இல்லை. எனக்கு நெடுநாளாக உள்ள எரிச்சல் இது. அமிலம் என்றதும் நம்மவர்களுக்கு வயிறும் தட்டும்தான் நினைவுக்கு வரும். உணவிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அமிலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிமோல். மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவோ 15,000 மில்லிமோல் அளவில். அது ரத்தத்தில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சில நிமிடம் மூச்சு நின்றால் எந்தத் தண்ணீர் வந்து காப்பாற்றும்?

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்தாம் மருத்துவமனையில் நடந்ததைச் சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் காரப் பொருளான பைகார்பனேட் கூடியிருந்ததைப் பார்த்த மருத்துவர்கள், ரத்தம் காரமாகிவிட்டது என்று எண்ணினார்கள். ஆமாம், காரம்! மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் மறுத்தார்: வெளியேறாத கரியமில வாயு தேங்குகிறது, இது அமிலம். ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலுமாக, நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து பையை அழுத்தினார்கள். எண்பது சதவீதத்துக்கு மேலிருந்த இறப்பு பாதியளவுக்கு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு வேர்பிடித்தது அங்கேதான். மருத்துவர்களையே ஏமாற்றிய விஷயம் இது. இயந்திரம் விற்கிறவர் சிறுநீர்த் தாளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்.

இன்சுலினைக் குறைக்கச் சொன்னாராம். அதைச் சொல்ல அவர் யார்? இன்சுலின் போதாவிட்டால் உடல் கொழுப்பை உடைத்துக் கீட்டோ அமிலங்களைக் குவிக்கும். பைகார்பனேட் கரையும். நுரையீரல் ஈடுகட்டப் பார்க்கும். மூச்சு ஆழமாகி வாங்கும். ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1874இலேயே இந்த மூச்சை விவரித்தார். இன்சுலின் இல்லாத அந்தக் காலத்தில் அது மரணத்தின் முன்னறிவிப்பு. அப்பாவுக்கு வாந்தி, வயிற்று வலி, இப்படிப்பட்ட மூச்சு என்று எது வந்தாலும் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசியின் அளவை அவருடைய மருத்துவர் மட்டுமே மாற்றட்டும். இன்று மாலையே அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள், ஏற்கெனவே குறைத்துவிட்டாரா என்று.

இயந்திரம் பற்றித்தானே கேட்டீர்கள்? ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.