திஹுவானாவுக்குப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் வேலை பார்க்கிறான். வருகிற டிசம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் அவனிடம் போகிறோம். விடுமுறையில் இரண்டு நாள் எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானாவுக்குக் காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறான். பல் வைத்தியமும் மருந்தும் அங்கே மலிவாம். அவருக்கு இரண்டு பல் கட்ட வேண்டியிருக்கிறது. அதையும் முடித்துவிடலாம் என்கிறான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மதினி மகளோ, அங்கே ஆளைக் கடத்துகிறார்கள், நடுத்தெருவில் சுடுகிறார்கள் என்று தினமும் ஒரு செய்தி அனுப்புகிறாள். மகனிடம் சொன்னால், "திருநெல்வேலியில் பிறந்துவிட்டு நீ கொலைக்குப் பயப்படலாமா அம்மா?" என்று சிரிக்கிறான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. போகலாமா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம்)
பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மகன் விளையாட்டாகக் கேட்டதில் விஷயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் நம் திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள் அல்லவா? மறுநாள் கோவையிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். மாலை போட்டிருந்தார், குடும்பத்தோடு குற்றாலம் வந்து குளித்துவிட்டுச் சபரிமலைக்குப் போகும் திட்டம். "உங்கள் ஊர்ப் பக்கம் வரலாமா?" என்று கேட்டார். தயங்காமல் வாருங்கள் என்றேன். வந்தார்கள், அருவியில் நனைந்தார்கள், இருட்டுக்கடை வரிசையில் நின்று அல்வா வாங்கினார்கள், சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அல்வா வாங்க வருகிறவரை இந்த ஊரில் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. ஆனால் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பள்ளி மாணவன் யாரோடும் பகை வளர்த்தவன் இல்லை. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னான், அவ்வளவுதான். அவனுக்கும் கோவை நண்பருக்கும் இது ஒரே மாவட்டமா? அதனால், 'ஊர் பாதுகாப்பானதா?' என்று யாராவது கேட்டால் 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

திஹுவானாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உங்கள் மதினி மகள் பொய் சொல்லவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேர் வாழும் நகரம் அது; 2018இல் மட்டும் சுமார் 2,500 கொலைகள். அந்த ஊர்க்காரர்கள் பிறவிக் கொலைகாரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போதைப்பொருள் வடக்கே போகிறது, துப்பாக்கியும் பணமும் தெற்கே வருகின்றன, இரண்டுக்கும் பாதை இந்த ஊர்கள்தான். பாதை யார் கையில் என்பதற்குத்தான் சண்டை. அப்படிக் கைப்பற்றப்படும் பகுதியை அங்கே 'பிளாசா' என்பார்கள். குழந்தைகள் விளையாடும் ஊர்ச் சதுக்கத்துக்கும் ஸ்பானிய மொழியில் அதே சொல்தான். கிழக்கே டெக்சாஸ் எல்லையில் உள்ள சியுதாத் ஹுவாரேஸ் நகரில் 2010இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள். பாலத்தைக் கடந்தால் எல் பாசோ; அமெரிக்க ஊர். அங்கே அதே ஆண்டில் ஐந்து. போதைப்பொருளை வாங்குகிறவன் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது, அவனிடம் கொண்டுசேர்க்க அடித்துக்கொள்கிறவன் ஊரில் பிணம் விழுகிறது. இதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

திஹுவானாவின் கொலைகளில் பெரும்பங்கு கிழக்கிலும் தெற்கிலும் மேட்டுப்பாங்கில் வளர்ந்த ஏழைக் குடியிருப்புகளில் நடப்பவை. சுற்றுலாக்காரர்கள் போகும் ரெவலூசியான் வீதி எல்லை வாசலிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். சீசர் சாலட் என்று ஓட்டல்களில் விற்கிறார்களே, அது 1924இல் இந்த ஊரில் பிறந்ததாகத்தான் சொல்வார்கள். வீதி முனையில் கழுதைக்கு வரிக்குதிரைபோல் கறுப்புக் கோடு தீட்டி வண்டியில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளைக் கழுதை சரியாக விழாமல் போனதால் தொடங்கிய வழக்கமாம். இன்னும் சற்று மேற்கே போனால் எல்லை வேலி கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே நான் போவேன்.

இனி, பயம் எங்கே வேண்டும் என்பதற்கு வருகிறேன். அதற்கு ஒரு பழைய கதை.

தொண்ணூறுகளின் நடுவில், நம் பக்கம் சாதிக் கலவரங்கள் மூண்டிருந்த காலம். சென்னையிலிருந்து வந்த சித்தப்பாவோடு ஒரு சிற்றூரின் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். மாலை நாலு மணி இருக்கும், நல்ல வெயில். எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரர், வாசலில் தொங்கிய நாட்டுப்பழத் தாரைக் கயிற்றோடு அவிழ்த்து உள்ளே வைத்தார். பிறகு முறுக்கு ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். சித்தப்பா அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய் ஒரு கோலி சோடா கேட்டார். "இல்லை சார்" என்றார் கடைக்காரர், முகத்தைப் பார்க்காமல். சோடாப் பெட்டி அவர் காலடியிலேயே இருந்தது. எதிர்த்திசையில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அம்மா எங்களை ஏற்றிவிட்டாள்; அது எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்கூட இல்லை. அரைமணி நேரத்தில் அந்த இடத்தில் கல்வீச்சு நடந்ததாக மறுநாள் கேள்விப்பட்டோம். சித்தப்பா வெகுநாள்வரை அந்தக் கடைக்காரரின் மரியாதைக் குறைவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா மூன்றாம் வகுப்பு. சித்தப்பா இரட்டைப் பட்டதாரி. பழத்தாரைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை.

திஹுவானாவில் நீங்களும் சாரும் உங்கள் மகனும் சித்தப்பாக்கள். ஒரு கடை மூடினால் சாப்பாட்டு நேரமா, சாவு ஊர்வலமா, வேறு ஏதாவதா என்று உங்களுக்குத் தெரியாது. எந்தத் தெருவோடு சுற்றுலா முடிகிறது, எந்த வண்டி மெதுவாகப் போனால் விலகி நிற்க வேண்டும், தெரியாது. 2023 மார்ச்சில் டெக்சாஸிலிருந்து நாலு அமெரிக்கர்கள், ஒருவருக்கு அழகு அறுவை சிகிச்சை செய்துகொள்வதற்காக, வேனில் எல்லை தாண்டி மட்டமோரோஸ் நகருக்குப் போனார்கள். வேறு யாரோ என்று நினைத்துப் போதைக் கும்பல் ஒன்று சுட்டதாகச் சொல்லப்பட்டது. இருவர் செத்தார்கள். பிறகு அந்தக் கும்பலின் பெயரில் மன்னிப்புக் கடிதம் ஒன்றும், கைகட்டிப் போடப்பட்ட ஐந்து ஆட்களும் தெருவில் கிடந்தார்கள். குறுக்கே நின்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் குண்டு பட்டு இறந்தாள். அவளைப் பற்றி உங்கள் மதினி மகளுக்கு வந்த செய்திகளில் இருக்காது.

உங்கள் மகன் இதற்கு, "அது எங்கோ, இது எங்கோ" என்பான். சரிதான். அந்த எல்லையின் நீளம் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர்; நம் நாட்டின் வடக்கு தெற்கு நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. காஷ்மீரில் குண்டு வெடித்தால் வள்ளியூரில் கதவடைப்போமா? அமெரிக்க வெளியுறவுத் துறையும் மாநிலம் மாநிலமாகப் பிரித்து நான்கு படிகளில்தான் எச்சரிக்கிறது. மட்டமோரோஸ் இருக்கும் தமவுலிபாஸ் பல ஆண்டுகளாக நான்காம் படி: போகாதே. திஹுவானா இருக்கும் பாஹா கலிபோர்னியா மூன்றாம் படியில் இருந்துவந்திருக்கிறது: போகத்தான் வேண்டுமா என்று யோசி. படி மாறக்கூடியது, புறப்படும் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதே பாஹா கலிபோர்னியாவில், என்செனாடாவுக்குத் தெற்கே ஆளில்லாக் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த மூன்று வெளிநாட்டு இளைஞர்களை 2024இல் கொன்றார்கள். அவர்கள் வந்த வண்டியின் டயர்களுக்காக என்று விசாரணையில் சொன்னார்கள்.

ஆகவே என் கணக்கு இது. போங்கள், இரண்டு நாள் வேண்டாம், ஒரு பகல். கார் வேண்டாம். அமெரிக்கக் கார் காப்பீடு பொதுவாக அங்கே செல்லாது என்பது ஒரு காரணம். காரில் இருந்தால் உங்கள் மகன் 'இன்னும் கொஞ்சம்' போய்ப் பார்ப்பான் என்பது இன்னொன்று. நடந்து கடந்து, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஊரை ஏற்கெனவே அறிந்த ஒருவர், அவனுடைய அலுவலகத்தில் கட்டாயம் இருப்பார், கூட வந்தால் உத்தமம். பழத்தாரைப் படிக்க ஒரு ஆள் வேண்டும்.

பல் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். அங்கே நல்ல பல் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டிய பல் ஆடினாலோ சீழ் வைத்தாலோ சார் யாரிடம் போவார்? திரும்பி வந்த பிறகு பாளையங்கோட்டையிலிருந்து திஹுவானாவுக்கு டிக்கெட் எடுப்பாரா? 2023இல் அதே மட்டமோரோஸ் மருத்துவமனைகளில் முதுகுத்தண்டில் மயக்கமருந்து போட்டுக்கொண்ட பலருக்குப் பூஞ்சை மூளையுறைக் காய்ச்சல் வந்து சிலர் இறந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குக் கிடைத்த பேச்சு அதற்குக் கிடைக்கவில்லை. மருந்துக் கடை இன்னும் மோசம். திஹுவானா உட்படச் சில ஊர்களில் வெளிப்படையாக விற்ற வலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து கலந்திருந்தது அந்த ஆண்டே வெளியானது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை இங்கிருந்தே எண்ணி எடுத்துப் போங்கள்.

இன்னும் சாதாரணமான ஆபத்து, தாள். அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டியதில்லை. உங்களுக்குத் திரும்ப நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள். மகன் தன் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதியைப் பார்க்கட்டும். இந்தப் பிள்ளைகள் எல்லாருடைய தாளையும் சரிபார்ப்பார்கள், தங்களுடையதை மறந்துவிடுவார்கள். திரும்பும் வரிசை சில நாட்களில் மணிக்கணக்காக நீளும். உங்கள் முழங்காலைப் பற்றி எழுதவில்லை நீங்கள். வலி இருந்தால் சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.

மதினி மகளிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். "உன் மாமாவைக் கடத்திவிட்டோம், பணம் அனுப்பு" என்று தொலைபேசியில் மட்டுமே நடக்கும் கடத்தல் அந்தப் பக்கம் பழைய தொழில். அப்படி அழைப்பு வந்தால் முதலில் உங்கள் மகனை அழைக்கட்டும்.

வரிக்குதிரைக் கழுதையோடு சார் படம் எடுத்துக்கொண்டால் எனக்கு ஒன்று அனுப்புங்கள். காசை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.