"யின்ஸ் டான்டான் போறீங்களா?": பிட்ஸ்பர்க் பேச்சு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் வட்டார வழக்கு என்றால் டெக்சாஸ், நியூயார்க், பாஸ்டன் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் வளர்ந்தது பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மன்ரோவில்லில். அப்பா வெஸ்டிங்ஹவுஸில் எஞ்சினியர், பக்கத்து வீட்டுக்காரர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்ப் பேச்சைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, நான் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதே இல்லை. எப்படி இருக்கும்?

எழுத்தில் காட்டுவது கஷ்டம், முயற்சி செய்கிறேன். முதலில் ஔ. மற்ற அமெரிக்கர்கள் 'டவுன்டவுன்' என்பதை இவர்கள் 'டான்டான்' என்பார்கள். ஔவின் பின்பாதியில் வரும் உகரத்தை விழுங்கிவிட்டு ஆவிலேயே நின்றுவிடுகிறார்கள், ஹவுஸ் என்றால் ஹாஸ். அடுத்தது லகரத்துக்கு முன்னால் வரும் நெடில் குறுகிவிடும். ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஸ்டீலர்ஸ் என்பது ஸ்டில்லர்ஸ், ஸ்டீல் மில் என்பது ஸ்டில் மில். அயர்ன் என்பது ஆர்ன், பழைய ஆட்கள் வாயில் வாஷ் என்பது வார்ஷ். அந்த அணியின் ரசிகர்கள் மைதானத்தில் சுழற்றும் மஞ்சள் துண்டு ஒன்று உண்டு. 1975ல் மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் தொடங்கி வைத்தது. ஊருக்கு வெளியே அது டெரிபிள் டவல், உள்ளே டெரிபிள் டால்.

இன்னொன்று, டொனால்டைச் சுருக்கி டான், விடியல் என்ற பொருளில் பெண்களுக்கு வைக்கும் டான், இரண்டுக்கும் அமெரிக்காவின் பல ஊர்களில் உச்சரிப்பு வேறு. பிட்ஸ்பர்க்கில் வேறுபாடே கிடையாது. தமிழில் எழுதினால் எப்படி ஒன்றாகத் தெரிகிறதோ அங்கே காதுக்கும் அப்படித்தான். என் வகுப்பில் இரண்டு டானும் இருந்தார்கள், கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

'யின்ஸ்' என்றால் என்ன? எங்கிருந்து வந்தது?

நீங்கள் எல்லாரும். 'யூ ஒன்ஸ்' என்பது தேய்ந்து யின்ஸ் ஆனது. பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி முன்னிலைச் சொல் இருந்தது, பிறகு 'யூ' ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. அந்த ஓட்டையை ஒவ்வொரு ஊரும் தனக்குத் தெரிந்த மாதிரி அடைத்துக்கொண்டது, தெற்கே யால், பிலடெல்பியாவில் யூஸ், எங்கள் ஊரில் யின்ஸ். நாம் 'நீங்க' என்பதை மரியாதைக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம் அல்லவா, யின்ஸில் மரியாதை எதுவும் கிடையாது, ஆள் கணக்கு மட்டும்தான்.

இதைக் கொண்டுவந்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து குடியேறிய ஸ்காட்ஸ்-ஐரிஷ் மக்கள். மூக்கை நுழைப்பவரைச் சொல்லும் 'நெபி' (நெப் என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் அலகு, மூக்கு), வீட்டை ஒழுங்குபடுத்துவதைச் சொல்லும் 'ரெட் அப்' எல்லாம் அவர்கள் சொத்து. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பேச்சை இன்று தன் அடையாளமாக நினைப்பவர்களில் நிறைய பேர் போலந்து, ஸ்லோவாக்கியா, இத்தாலியிலிருந்து இரும்பாலை வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் தாத்தாக்கள் ஆங்கிலம் கற்றுக்கொண்டபோது ஊரில் இருந்த ஆங்கிலம் இது, அவ்வளவுதான். தலையில் கட்டும் துணிக்கு பபூஷ்கா என்பது மாதிரி சில சொற்களை அவர்களும் போட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் தமிழ், வெளியே இது. கலக்கவில்லையா?

கலக்காமல் இருக்குமா. அம்மா திருச்சியில் படித்த ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். பேச்சு ஆங்கிலம் கற்றது பக்கத்து வீட்டு அம்மாவிடம், சமையலறை மேசையில். அதனால் எங்கள் வீட்டுத் தமிழில் "ரூமை ரெட் அப் பண்ணு", "வெளில ஸ்லிப்பியா இருக்கு, பாத்துப் போ", "அந்த கம்பேண்ட எடு" என்றெல்லாம் வரும். கம்பேண்ட் என்றால் ரப்பர் பேண்ட். அமெரிக்கா முழுக்க இப்படித்தான் சொல்வார்கள் என்று அம்மா கடைசி வரை நம்பினார், கலிபோர்னியாவில் இருக்கும் சித்தி சிரித்தபோதுகூட சித்திக்குத்தான் ஆங்கிலம் போதாது என்று முடிவு கட்டினார்.

உச்சம் 'ஸ்வீப்பர்'. பிட்ஸ்பர்க்கில் வேக்யூம் கிளீனருக்கு அதுதான் பெயர். பாட்டி முதல்முறை வந்திருந்தபோது அம்மா என்னிடம் "ஸ்வீப்பர் மாடியில இருக்கு, இழுத்துட்டு வா" என்று சொல்ல, பாட்டி பதறிவிட்டார். வேலைக்கு வந்த மனுஷரை 'இருக்கு' என்கிறாளே, அதுவும் இழுத்துட்டு வரச் சொல்கிறாளே என்று அம்மாவுக்கு அரைமணி நேரம் அர்ச்சனை.

பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலிலும் இப்படித்தான் பேசுவார்களா?

இல்லை. பிட்ஸ்பர்க் புறநகரில் 1977ல் குடமுழுக்கு நடந்த கோயில் அது, அமெரிக்காவில் ஆகம முறைப்படி கட்டிய முதல் சில கோயில்களில் ஒன்று, எங்கெங்கிருந்தோ கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே பெரியவர்கள் பேசுவது தமிழும் தெலுங்கும் இந்திய ஆங்கிலமும். ஆனால் கீழே புளியோதரை வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கவனித்தால் எங்காவது ஒன்று மாட்டும். எங்கள் தலைமுறையில் யாரும் யின்ஸ் சொல்லவில்லை, அது மில் வேலைக்காரர் வீட்டுப் பேச்சு, எஞ்சினியர், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு வர்க்கம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது, நிறத்தைவிடச் சீக்கிரமாக என்றுகூடச் சொல்வேன்.

'தி கார் நீட்ஸ் வாஷ்ட்' என்று என் பிட்ஸ்பர்க் மேனேஜர் மெயிலில் எழுதுகிறார். படித்தவர்தானே, இலக்கணப் பிழை இல்லையா?

இது ஊர்ப்பேச்சு என்று அவருக்கே தெரியாது, அதுதான் அழகு. மற்றவர்கள் 'நீட்ஸ் டு பி வாஷ்ட்' என்பார்கள். இவர்கள் நடுவில் உள்ள 'டு பி'யைத் தூக்கிவிடுவார்கள். நீட், வாண்ட், லைக் என்ற மூன்றோடும் இது வரும், பூனை 'வாண்ட்ஸ் பெட்டட்', குழந்தை 'லைக்ஸ் கடில்ட்'. இதுவும் ஸ்காட்ஸ்-ஐரிஷ் வழி வந்தது, ஸ்காட்லாந்தில் இன்றும் கேட்கலாம், ஒஹாயோ பக்கமும் உண்டு. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கும் ஒன்றைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

கவனியுங்கள், அந்த மேனேஜர் அலுவலகத்தில் டான்டான் என்று சொல்லமாட்டார், நாக்கைக் கட்டிவிடுவார். ஆனால் 'நீட்ஸ் வாஷ்ட்' வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஏனென்றால் அது ஊர்ப்பேச்சு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் இப்படித்தான். உயிரெழுத்துகளை எல்லாம் எப்போதோ உதறிவிட்டேன், 'நீட்ஸ் ஃபிக்ஸ்ட்' மட்டும் இன்னும் என் மெயிலில் வருகிறது, திருத்துவதாகவும் இல்லை.

நம் மெட்ராஸ் பாஷையைப் பார்ப்பது மாதிரி அங்கேயும் இளக்காரமாகப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார், யாராவது யின்ஸ் என்றால் வகுப்பு முன்னால் திருப்பிச் சொல்லச் சொல்வார். மில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் அந்த வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டி "இவள் எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறாள் பார், இவள் வீட்டில் ஆங்கிலமே பேசுவதில்லை" என்பார். எனக்குப் பெருமையாக இல்லை, மதிய இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. மெட்ராஸ் பாஷை பேசுபவர்கள் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறார்கள், பேச்சும் அவர்களோடு இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் பேசியவர்கள் கிளம்பிப் போனார்கள். 1970களின் இறுதியிலும் 80களிலும் இரும்பாலைகள் வரிசையாக விழுந்தன, 1892 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986ல் மூடியது. அந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் வளாகமும் வரிசையாக 12 புகைபோக்கிகளும் நிற்கின்றன. நகர எல்லைக்குள் 1950ல் 6.76 லட்சம் பேர், 2020ல் 3 லட்சத்துச் சொச்சம். கொஞ்சம் பேர் புறநகருக்கு நகர்ந்தார்கள், மற்றவர்கள் டெக்சாஸ், புளோரிடா என்று வேலை தேடிப் போனார்கள்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இந்தப் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஜான்ஸ்டோன் சொல்வதன் சாரம் இதுதான்: ஊருக்குள்ளேயே இருந்த காலத்தில் தாங்கள் வித்தியாசமாகப் பேசுகிறோம் என்று மக்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, வெளியே போய் யாரோ சிரித்த பிறகுதான் காதில் விழுந்தது. தொழிலாளியின் பேச்சு என்று இருந்தது பிட்ஸ்பர்க் பேச்சு என்று பெயர் மாறியது. பெயர் வந்ததும் டி-ஷர்ட் வந்துவிட்டது.

கறுப்பின மக்களும் இப்படித்தான் பேசுகிறார்களா?

பெரும்பாலும் டான்டான் கிடையாது. ஆனால் இரண்டு 'டான்' ஒன்றாவது அவர்களிடமும் உண்டு, ஆய்வுகளே இருக்கின்றன. டி-ஷர்ட் விற்பவர்கள் 'பிட்ஸ்பர்க் பேச்சு' என்று சொல்லும்போது மனதில் இருப்பது ஒரு வெள்ளைக்கார மில் தொழிலாளி, மஞ்சள்-கறுப்பு ஜெர்சி போட்டவர். ஹில் டிஸ்ட்ரிக்டில் தலைமுறைகளாக வாழும் கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் படத்தில் வருவதே இல்லை. நாமும் வருவதில்லை, நம்மை விடுங்கள், நாம் நேற்று வந்தவர்கள்.

இந்தப் பேச்சு அழிகிறதா? யின்ஸர் என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்களே?

யின்ஸ் சொல்லும் பிட்ஸ்பர்க்காரர்தான் யின்ஸர், ஆமாம், போட்டுக்கொள்கிறார்கள். ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்டில் பென் அவென்யூவில் நடந்தால் கோப்பை, தொப்பி, குழந்தைச் சட்டை என்று எல்லாவற்றிலும் யின்ஸ் அச்சடித்திருக்கும். வாங்குபவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லை வாழ்க்கையில் இயல்பாகச் சொன்னவர்களாக இருக்கமாட்டார்கள். சின்ன வயதுக்காரர்கள் டான்டான் என்பது பெரும்பாலும் கிண்டலுக்கு, இல்லாவிட்டால் மேட்ச் நாளில். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. எதற்காக அந்தப் பையனை வகுப்பில் நிற்கவைத்தார்களோ அதையே இன்று காபிக் கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள், காசு அவன் கைக்குப் போகவில்லை.

ஆனால் எல்லாம் போகாது. யார் கண்ணிலும் படாதவை தப்பித்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு. 'நீட்ஸ் வாஷ்ட்' டி-ஷர்ட்டில் அதிகம் வருவதில்லை, அது ரொம்ப நாள் இருக்கும். டான் விஷயமும் அப்படித்தான். அப்புறம் கேள்வியின் ராகம். ஆமாம்-இல்லை கேள்விகளில் மற்ற அமெரிக்கர்கள் கடைசியில் குரலை உயர்த்துவார்கள், பிட்ஸ்பர்க்காரர்கள் பல நேரம் கடைசியில் இறக்கிவிடுவார்கள். கேட்பவருக்கு அது கேள்வி என்றே தோன்றாது, ஏதோ குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும்.

பிலடெல்பியாவும் பென்சில்வேனியாதானே, அங்கேயும் இதேதானா?

இல்லவே இல்லை. நடுவில் மலைத்தொடர், 300 மைல். அங்கே தண்ணீர் 'வுடர்', குளிர்பானம் சோடா. எங்களுக்கு அது பாப். பிலடெல்பியாவோடு சேர்த்துச் சொன்னால் பிட்ஸ்பர்க்காரருக்குக் கோபம் வரும். நகரப் பெயரின் கடைசி 'ஹெச்' எழுத்தை 1891ல் அரசாங்கம் வெட்டியபோது 1911 வரை விடாமல் நின்று திரும்ப வாங்கிய ஊர் அது.

ஆகஸ்டில் கார்னகி மெலனில் எம்.எஸ். சேரப் போகிறேன் அக்கா. இதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம்ப்பா. பல்கலைக்கழகம் இருக்கும் ஓக்லாந்தில் பாதி உலகம் இருக்கிறது, இந்தப் பேச்சு அபூர்வம். கேட்க ஆசையிருந்தால் பஸ் ஏறிப் புறநகர்ப் பக்கம் போ, ஹார்டுவேர் கடையில் நின்று ஏதாவது விலை கேள். ஜயன்ட் ஈகிள் என்ற சூப்பர் மார்க்கெட்டை ஒரு தாத்தா 'ஜயன்ட் இகிள்' என்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டாய் என்று அர்த்தம். நீயாக யின்ஸ் சொல்லிப் பார்க்காதே, கிண்டல் செய்கிறாய் என்று நினைப்பார்கள். ஜம்போ சாண்ட்விச் என்று பலகையில் பார்த்துப் பெரிய சாண்ட்விச் என்று வாங்கிவிடாதே, அது பலோனி என்ற இறைச்சி, சைவமாக இருந்தால் மாட்டிக்கொள்வாய்.

கார் ஓட்டும்போது சிக்னல் பச்சையானதும் எதிரில் இடப்பக்கம் திரும்ப நிற்கும் முதல் காருக்கு வழிவிடுவது அங்கே ஊர் வழக்கம், சட்டத்தில் கிடையாது. விடாவிட்டால் ஜன்னல் வழியாக 'ஜேகாஃப்' என்று ஒரு சத்தம் வரும். கேட்பதற்கு ரொம்ப மோசமாக இருக்கும், அவர்கள் அளவில் 'தடிமாடு' மாதிரிதான். அப்புறம், யாராவது உன்னிடம் மெதுவாக "கென்னிவுட் திறந்திருக்கு" என்றால் எந்த பஸ் போகும் என்று கேட்டு நிற்காதே. கென்னிவுட் 1898லிருந்து இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காதான், ஆனால் அவர் சொல்வது உன் பேண்ட் ஜிப்பை.